வழுவை ஆசானாகக் கொண்ட வடிகட்டி: இசைவாக்கப் படிமுறைகள் பற்றிய ஒரு மதிப்பீடு

உலகில் எச்செய்தியும் தூயதாய்த் தனித்து வந்து சேர்வதில்லை. பேச்சுக் குரல் தெருவொலியோடு கலந்தே செவியை அடைகின்றது. தொலைபேசிக் கம்பியில் ஒருவரது குரலோடு அக்குரலின் எதிரொலியும் உடன் வருகின்றது. நோயாளியின் மார்பில் வைத்த மின்வாய், இதயத்தின் நுண்ணிய மின்துடிப்போடு சுவரில் ஓடும் மின்கம்பியின் அதிர்வையும் சேர்த்தே பதிகின்றது. வேண்டியதை வேண்டாததினின்றும் பிரித்தெடுத்தல் சைகையியலின் தலையாய தொழில். அத்தொழிலை ஆற்றும் கருவியோ கணிப்புமுறையோ வடிகட்டி எனப்படும்.

வடிகட்டி என்ற பெயர் மாவரிக்கும் அரிதட்டை நினைவூட்டுவது. அரிதட்டு பருமனால் மணியையும் தூளையும் பிரிப்பது போலப் பழைய மின்வடிகட்டி மீடிறனால் சைகைகளைப் பிரித்தது. குறித்த மீடிறனுக்கு மேற்பட்டவற்றை விலக்கிக் கீழ்ப்பட்டவற்றைச் செல்லவிடுதல் அதன் செயல். ஒருமுறை அமைத்தபின் அதன் கண்கள் மாறா. ஆனால், வேண்டியதும் வேண்டாததும் ஒரே பருமன் உடையனவாயின் அரிதட்டு என் செய்யும்? ஒருவர் குரலும் அதன் எதிரொலியும் ஒரே மீடிறன்களால் ஆயவை. தாயின் இதயத்துடிப்பும் கருவிலுள்ள சேயின் இதயத்துடிப்பும் பெரும்பாலும் ஒரே மீடிறன் எல்லையுள் அடங்குவன. அன்றியும், இரைச்சலின் இயல்பு கணந்தோறும் மாறுமாயின், இப்பொழுது பொருந்திய கண் அடுத்த பொழுதிற் பொருந்தாது. இத்தகைய இடங்களிலே தன் குணகங்களைத் தானே திருத்திக்கொள்ளும் வடிகட்டி வேண்டப்பட்டது. அதுவே இசைவாக்க வடிகட்டி.

இவ்வடிகட்டியை ஆளும் படிமுறைகள் பற்றி எழுந்த நூல்களும் கட்டுரைகளும் பல. அவை பெரும்பாலும் எப்படிமுறை விரைவுடையது, எது சிக்கனமுடையது என்னும் வினாக்களை எழுப்பி விடை காண்பன. அவ்வினாக்கள் வேண்டுவனவே. ஆயினும், அவற்றிற்கு முற்பட்ட வினா ஒன்றுண்டு: தன்னைத் திருத்திக்கொள்ளும் கருவி எதனை நோக்கித் திருத்திக்கொள்கின்றது? அவ்விலக்கை வகுத்தவர் யாவர்? இவ்வினாவை உரைகல்லாகக் கொண்டு உரைக்கும்போதுதான் இப்படிமுறைகளின் மாற்றுத் தெரியும். அவற்றின் வெற்றிகளும் தோல்விகளும் ஒரே இடத்தினின்றும் பிறப்பன என்பதும் அப்பொழுதே விளங்கும்.

வரலாற்றில் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர் நோர்பேட் வீனர். இரண்டாம் உலகப்போரின்போது மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் இருந்த அவர், யூலியன் பிகலோ என்னும் பொறியியலாளரோடு சேர்ந்து, பறக்கும் விமானம் அடுத்த சில விநாடிகளில் எங்கே இருக்கும் என்பதை முன்கூட்டிக் கணிக்கும் முயற்சியில் ஈடுபட்டார். அம்முயற்சியின் பயனாக 1942 இல் எழுந்த அறிக்கை மறைபொருளாகவே வழங்கப்பட்டது. அதன் மஞ்சள் அட்டையையும் உள்ளிருந்த கடிய கணிதத்தையும் கண்டு பொறியியலாளர் அதனை மஞ்சள் அபாயம் எனக் குறிப்பிட்டனர். அது 1949 இல் நூலாக வெளிவந்தது. இரசியக் கணித அறிஞர் கொல்மொகோறொவ் இதனையொத்த முடிபுகளை 1941 அளவிலேயே தனித்துக் கண்டிருந்தார்.

வீனரின் கொள்கை எடுப்பானது. சைகையும் இரைச்சலும் இன்னவாறு நடப்பன என்ற புள்ளிவிபர இயல்புகள் முன்னரே தெரிந்திருக்குமாயின், வழுவின் வர்க்கத்தினது சராசரியை மிகக் குறைந்ததாக்கும் வடிகட்டி ஒன்றேயொன்று உண்டு; அதனைச் சமன்பாட்டின் வாயிலாகக் கண்டுவிடலாம் என்பது அது. வழு என்பது ஈண்டு வேண்டிய பெறுமானத்திற்கும் வடிகட்டி தந்த பெறுமானத்திற்கும் உள்ள வேறுபாடு. வடிகட்டி அமைப்பது கைத்திறன் மாத்திரமாய் இருந்த நிலையை மாற்றி, இதனினும் சிறந்தது இல்லை என்று துணிந்து கூறத்தக்க அளவுகோலை அத்துறைக்குத் தந்தமை அந்நூலின் அழியாச் சிறப்பு.

ஆயின், அச்சிறப்பிற்குக் கொடுத்த விலையும் பெரிது. சைகையின் இயல்பு காலத்தோடு மாறாதது என்பதும், அவ்வியல்பு முன்னரே அளந்தறியப்பட்டது என்பதும் வீனர் கொண்ட இரு எடுகோள்கள். தொலைபேசியை எடுப்பவர் யார், அவர் எவ்வூரிலிருந்து பேசுவார், எவ்வழியாக அவ்விணைப்புச் செல்லும் என்பவற்றை முன்னரே அறிந்தவர் எவருமிலர். எல்லாம் அறிந்தவனுக்கு உரிய விடையை வீனர் தந்தார். அறியாதவனுக்கு அவ்விடை எட்டாக்கனியாயிற்று. போரிலும் அவர் வகுத்த கணிப்புக்கருவி களத்தை எய்தவில்லை. நோர்மன் லெவின்சன் என்பார் 1947 இல் அக்கொள்கையைத் தொடர்ச்சியற்ற எண்நிரைகளுக்கு ஏற்ப எளிமைப்படுத்தி எழுதியது, பின்னர் அந்நூலின் பிற்சேர்க்கையாக இடம்பெற்றது. பொறியியலாளர் பலர் கையாண்டது அவ்வெளிய வடிவத்தையே என்பது கருதத்தக்கது.

தமிழிலக்கண உரையாசிரியர் வழுக் காத்தலையும் வழுவமைத்தலையும் இருவேறு நெறிகளாக வைத்துப் பேசுவர். அவ்வழக்கை ஒட்டிக் கூறின், வீனரின் நெறி வழுக் காத்தல். வழு நேருமுன்பே அதற்குரிய வேலியை முற்றும் இட்டுவிடுதல் அது. வழுவைக் காவாது, அமைதி கூறி ஏற்றுக்கொள்ளாது, அவ்வழுவினிடமே பாடங்கேட்கும் மூன்றாம் நெறி ஒன்று 1959 இன் இலையுதிர் காலத்தில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திற் பிறந்தது. அதனைக் கண்டவர்கள் பேர்னாட் விட்றோவும் அவருடைய ஆராய்ச்சி மாணவர் மார்சியன் ஹொவ்வும் ஆவர். ஹொவ் பின்னாளில் இன்ரெல் நிறுவனத்திற் சேர்ந்து, 1971 இல் வெளிவந்த நுண்முறைவழியாக்கியை உருவாக்கியோருள் ஒருவராகப் பெயர் பெற்றார்.

அவர்கள் 1960 இல் வெளியிட்ட கட்டுரை ஆளியிடும் சுற்றுக்களின் இசைவாக்கம் பற்றியது. நான்குக்கு நான்காக அமைந்த பதினாறு ஆளிகளாற் காட்டப்படும் உருவங்களை இனம் பிரித்தறியும் அடலின் என்னும் பொறியே அவர்தம் கண்முன் நின்றது. அப்பொறி தன் குணகங்களைத் திருத்தும் விதி மிகச் சுருங்கியது. அதனைச் சொற்களால் இவ்வாறு கூறலாம்: பழைய குணகத்தோடு, அடியளவு, வழு, உள்ளீடு ஆகிய மூன்றின் பெருக்கத்தைக் கூட்டுக, அதுவே புதிய குணகம். இழிவுச் சராசரி வர்க்கப் படிமுறை என வழங்குவது இதுவே. ஆங்கில முதலெழுத்துக்களால் எல்.எம்.எஸ். எனவும் அது குறிக்கப்படும்.

எண்ணாற் காட்டின் இதன் போக்கு எளிதிற் புலப்படும். உள்ளீடு 2 எனவும், வேண்டிய விடை 6 எனவும் கொள்க. சரியான குணகம் 3 என்பதை மனிதர் அறிவர்; கருவி அறியாது. குணகம் சுழியத்திற் தொடங்குகின்றது, அடியளவு 0.1. முதல் விடை 0, வழு 6. ஆகவே 0.1, 6, 2 என்பவற்றின் பெருக்கமாகிய 1.2 குணகத்தோடு சேர்கின்றது. அடுத்த விடை 2.4, வழு 3.6. குணகம் 1.92 ஆகின்றது. அதற்கடுத்த விடை 3.84, வழு 2.16. ஒவ்வோர் அடியிலும் வழு முந்தியதன் 0.6 மடங்காகக் குறைந்து சுழியத்தை நாடுகின்றது. அடியளவை 0.6 ஆக உயர்த்துக. அப்போது வழு 6, பின் எதிர்க்குறியோடு 8.4, பின் 11.76 எனப் பெருகிச் செல்லும். இவ்வெடுத்துக்காட்டில் அடியளவு 0.5 ஐக் கடப்பின் கற்றல் கலக்கமாக மாறும். கண்டிப்பு மிகுந்த ஆசானிடம் மாணவன் கற்பதை விட்டுத் தடுமாறுவது போன்றது அது. அடியளவு மிகச் சிறிதாயின் கற்றல் ஆமை நடையாகும். விரைவும் அமைதியும் ஒருங்கே கிட்டா என்பது இப்படிமுறையின் முதல் நியதி.

கணித அறிஞர் கண்ணுக்கு இவ்விதி துணிச்சல் மிக்கதாகத் தோன்றியது வியப்பன்று. வழுவின் வர்க்கத்தினது சராசரியைக் குறைப்பதே நோக்கம். சராசரி காண்பதற்குப் பல அளவைகள் வேண்டும். விட்றோவும் ஹொவ்வும் சராசரியைக் காணாது, அக்கணத்தின் ஒற்றை வழுவையே சராசரியின் இடத்தில் வைத்து நடந்தனர். மலைச்சரிவில் இறங்குவோன் திசையறிந்து இறங்காது, ஒவ்வோர் அடியிலும் காலுக்குத் தட்டுப்படும் சரிவை மாத்திரம் நம்பி இறங்குவதை இது ஒக்கும். ஓரடி பிழைக்கலாம், ஆயிரம் அடிகளின் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து, இறங்குவோனைப் பள்ளத்தின் அருகே கொண்டு சேர்க்கும். அருகே என்பதே சரியான சொல். அடித்தளத்தை அடைந்த பின்னும் அவன் அங்கே அசையாது நிற்பதில்லை. சற்று அங்குமிங்கும் உலவிக்கொண்டே இருப்பான். உலகு மாறும்போது அவனும் மாறுதற்கு அவ்வுலாவலே வாயிலாகின்றது.

இதற்கு மாற்றாக எழுந்தவற்றுள் மீள்வரு இழிவு வர்க்கப் படிமுறை குறிப்பிடத்தக்கது. காவுசின் காலத்து இழிவு வர்க்கக் கொள்கையில் வேரூன்றிய அது, கடந்த அளவைகள் அனைத்தின் சாரத்தையும் தாயம் ஒன்றிற் சேமித்துவைத்து, ஒவ்வோர் அடியையும் நன்கு ஆராய்ந்தே எடுத்துவைக்கும். உள்ளீட்டின் கூறுகளிற் சில வலியனவாயும் சில மெலியனவாயும் இருக்கும்போது எல்.எம்.எஸ். மெலிந்த கூறுகளைக் கற்க நெடுங்காலம் எடுக்கும்; மீள்வரு முறையோ அவ்வேறுபாட்டால் தளர்வதில்லை. இது மறுக்கொணாத மேன்மை. ஆயினும் செலவை நோக்குக. தொலைபேசியில் விநாடிக்கு 8,000 மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. எதிரொலியின் நீளம் 32 மில்லிவிநாடி எனின் 256 குணகங்கள் வேண்டும். எல்.எம்.எஸ். ஒரு மாதிரிக்கு ஏறத்தாழ 512 பெருக்கல்களையும், விநாடிக்கு ஏறத்தாழ 41 இலட்சம் பெருக்கல்களையும் வேண்டும். மீள்வரு முறையின் வேலை குணகங்களின் தொகையின் வர்க்கத்தைப் பொறுத்தது. 256 இன் வர்க்கம் 65,536. அதனை 8,000 ஆற் பெருக்கின் விநாடிக்கு 52 கோடிக்கு மேல் ஆகின்றது. ஒரு தலைமுறைக் காலம் எளிய முறையே தொழிலுலகை ஆண்டமைக்கு இக்கணக்கே போதிய விளக்கம்.

எளிமையினாலே பிழைத்த ஒன்று சிறப்பினாலும் உரியது என நிறுவப்படுதல் அரிது. எல்.எம்.எஸ். அப்பேற்றைப் பெற்றது. பல்லாண்டுகளாக அது வீனரின் விடைக்குத் தோராயமான நெறி என்றே எண்ணப்பட்டது. ஹசிபி, சயத், தோமஸ் கைலாத் ஆகிய மூவரும் 1996 இல் வெளியிட்ட கட்டுரை அவ்வெண்ணத்தை மாற்றியது. அளவுகோலை மாற்றிப் பார்க்குமிடத்து, அதாவது சராசரி வழுவை விடுத்து, நேரக்கூடிய மிகக் கொடிய குழப்பத்தின்போது விளையும் வழுவை அளவாகக் கொள்ளுமிடத்து, எல்.எம்.எஸ். தோராயமன்று, அதுவே உத்தமமானது என அவர்கள் காட்டினர். அடியளவு உரிய எல்லைக்குள் இருக்கும்வரை, ஊகத்தின் வழுவாற்றல், தொடக்க அறியாமையும் புறக்குழப்பமும் சேர்ந்த ஆற்றலை ஒருபோதும் மிஞ்சுவதில்லை என்பது அம்முடிபின் பொருள். எல்லாம் நன்கு தெரிந்த உலகில் வீனரின் விடை அரசு செய்யும். ஒன்றும் உறுதியாய்த் தெரியாத உலகில் அடக்கமுடைய இவ்விதி துணை செய்யும். ஒரு படைப்பின் தகுதி அதனை அளக்கும் கோலையும் பொறுத்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருதல் தகும். வழு ஆசான் எனின், அவ்வழுவை வரையறுப்பது எது? வேண்டிய விடை என்று ஒன்றை முன்வைத்து, அதனினின்றும் வடிகட்டியின் விடையைக் கழித்தபோதே வழு பிறக்கின்றது. வேண்டிய விடையைக் கருவி தானே கண்டதில்லை. பொறியியலாளர் அதனைத் தேடிக் கொடுத்தார். படிமுறையின் இரண்டு வரிகளுள் அத்தேட்டம் இடம்பெறுவதில்லை. ஆகவே அது பாடநூல்களிற் பெரும்பாலும் ஒரு வாக்கியத்தோடு கழிந்துவிடுகின்றது. உண்மையில் கலை முழுதும் அங்கேதான் உள்ளது.

எதிரொலி நீக்கியை முதலில் நோக்குக. வீட்டிலிருந்து செல்லும் இருகம்பி இணைப்பு நெடுந்தொலைவு செல்லும் நான்குகம்பி இணைப்போடு சேருமிடத்தில், மின்தடைகள் முற்றும் பொருந்தாமையால் குரலின் ஒரு பகுதி திரும்பி வருகின்றது. அயற்சியான தொலைவில் அது தெரிவதில்லை. புவியினின்றும் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதி வழியாகப் பேசும்போது, குரல் ஏறியிறங்கக் கால் விநாடியும் எதிரொலி மீள அரை விநாடியும் ஆகின்றன. தன் சொல்லையே அரை விநாடி கழித்துக் கேட்பவர் பேச்சைத் தொடர்தல் அரிது. பழைய அடக்கிகள் ஒருவர் பேசும்போது மற்றவர் வழியை அடைத்தன, உரையாடல் துண்டுபட்டது. பெல் ஆய்வுகூடத்து மன் மோகன் சோந்தி 1967 இல் வெளியிட்ட கட்டுரை, எதிரொலியின் வழியை இசைவாக்க வடிகட்டியால் உருவகித்துப் போலி எதிரொலி ஒன்றை ஆக்கி, மெய்யானதினின்றும் அதனைக் கழிக்கும் முறையை விளக்கியது. 1980 இல் அந்நீக்கி முழுதும் ஒரே சில்லுள் அடங்கிற்று.

இங்கே வேண்டிய விடை திரும்பி வரும் சைகை. தொலைவிலுள்ளவர் மாத்திரம் பேசும்வரை திரும்புவது எதிரொலியே. வழுவைக் குறைப்பது எதிரொலியைக் குறைப்பதேயாகும். ஆனால் இருவரும் ஒருங்கே பேசின் என் ஆகும்? அண்மையிலுள்ளவரின் குரலும் திரும்பும் சைகையிற் கலந்துவிடும். கருவிக்கோ எல்லாம் வழு. மனிதரின் மறுமொழியைத் தன் பிழையென எண்ணி, அது நன்கு கற்றிருந்த குணகங்களைக் குலைத்துக்கொள்ளும். பொறியியலாளர் கண்ட பரிகாரம் வேறொரு காவலனை நிறுத்துதல். அண்மைக் குரலின் வீச்சம், தொலைக்குரலின் அண்மைக்கால உச்ச வீச்சத்தின் பாதியை மிஞ்சின், இருவரும் பேசுகின்றனர் எனக் கொண்டு கற்றலை நிறுத்திவைக்கும் எளிய விதி அதற்கு வழங்கியது. எப்பொழுது கற்கலாகாது என்பதைக் கருவிக்குச் சொல்லித்தர வேறோர் அறிவு வேண்டியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

அடுத்து, விட்றோவும் அவருடைய உடனாய்வாளரும் 1975 இல் வெளியிட்ட இரைச்சல் நீக்கம் பற்றிய நெடுங்கட்டுரை. இத்துறையில் எழுந்தவற்றுள் தெளிவும் பயனும் ஒருங்கே அமைந்தது அது. கருவிலுள்ள சேயின் இதயத்துடிப்பைப் பிரித்தெடுக்கும் முயற்சியை அது விரித்துரைக்கின்றது. தாயின் வயிற்றில் வைத்த மின்வாயிலே தாயின் துடிப்பு வலிதாகவும் சேயின் துடிப்பு மெலிதாகவும் கலந்து பதியும். தாயின் மார்பில் வைத்த மின்வாய்கள் தாயின் துடிப்பை மாத்திரமே பெரிதும் தருவன. மார்புச் சைகையை இசைவாக்க வடிகட்டியின் வழியே செலுத்தி, வயிற்றுச் சைகையோடு இயன்றளவு பொருந்தச் செய்து, கழித்துவிட்டால் எஞ்சுவது சேயின் துடிப்பு.

இவ்விடத்திற் பெயர்களின் விந்தையை உன்னுக. வடிகட்டி தான் குறைக்க முயன்றும் குறைக்க முடியாது விட்ட எச்சத்தையே கணிதம் வழு என்கின்றது. அவ்வழுவே ஈண்டு ஓர் உயிரின் துடிப்பு. மருத்துவர் தேடிய செல்வம் கருவியின் கணக்கிலே தோல்வியாகப் பதியப்படுகின்றது. அச்செல்வம் தப்பியதற்குக் காரணம் படிமுறையின் நுட்பம் மாத்திரமன்று. மார்பிலே மின்வாயை வைத்த கையின் அறிவும் ஆகும். அம்மின்வாய்களிற் சேயின் துடிப்பும் கலந்திருக்குமாயின், அதே படிமுறை, அதே நேர்மையோடு, தாயின் துடிப்போடு சேயின் துடிப்பையும் தேய்த்துவிடும். அப்போது அதன் வழு முன்னையினும் குறைவாகவே இருக்கும். அதன் அளவுகோலின்படி அது முன்னையினும் சிறந்த வெற்றியாகும். இதனினும் கடிய எச்சரிக்கை இத்துறையில் இல்லை.

மூன்றாவது எடுத்துக்காட்டு செவித்துணைக் கருவி. அக்கருவியின் ஒலிபெருக்கி தரும் ஒலி மீண்டும் அதன் ஒலிவாங்கியிற் புகுந்து பெருகுவதால் கீச்சொலி எழும். அதனை நீக்க அமைந்த இசைவாக்க வடிகட்டி, வெளிச்சென்ற ஒலியோடு தொடர்புடைய உள்வரும் ஒலியை மீள்வரவு எனக் கொண்டு கழிக்கின்றது. பேச்சில் இது பெரும்பாலும் இடர்ப்படுவதில்லை. புல்லாங்குழலின் நீண்ட ஒற்றைச் சுரம் புகும்போதோ, வெளிச்சென்றதும் உள்வருவதும் ஒன்றையொன்று ஒத்து நிற்பதால், கருவி இசையையே கீச்சொலி என மயங்குகின்றது. சுரம் தேய்கின்றது, அல்லது அதன்மேல் நடுக்கம் ஏறுகின்றது. சிறு தாமதம் இடுதல், மீடிறனைச் சற்றே பெயர்த்தல் முதலிய பரிகாரங்கள் உள. அவை அனைத்தும் கருவிக்கு உள்ளும் புறமும் வேறெனக் காட்டுதற்கு மனிதர் வகுத்த உபாயங்களே.

இலக்கைப் பிறர் தராவிடத்துக் கருவி தானே தன் இலக்கை ஆக்கிக்கொள்ள இயலாதா என்ற கேள்வி எழலாம். பெல் ஆய்வுகூடத்து றொபேட் லக்கி அதற்கு ஒருவகை விடை கண்டார். தொலைபேசிக் கம்பி வழியே எண்குறிகளை அனுப்பும்போது அவை ஒன்றன்மேலொன்று படிந்து மயங்கும். அதனை ஒழுங்கு செய்யும் சமனாக்கிக்கு 1965 இல் அவர் கூறிய முறை, அனுப்புமுன் சோதனைத் துடிப்புக்களை விடுத்துக் குணகங்களைச் செப்பஞ் செய்தது. மறு ஆண்டில் வெளிவந்த முறையில், செய்தி செல்லும்போதே, பெற்ற குறி இன்னதெனக் கருவி தானே தீர்மானித்து, அத்தீர்ப்பையே வேண்டிய விடையாகக் கொண்டு திருத்திக்கொண்டது. இது வியக்கத்தக்க திட்டம். எனினும் தீர்ப்புக்கள் பெரும்பாலும் சரியாய் இருக்கும்வரையே அது செல்லும். தீர்ப்புக்கள் மிகுதியாய்த் தவறின், கருவி தன் தவற்றையே இலக்காக்கி, அதனை நோக்கித் தன்னை மேலும் உறுதியாக வளைத்துக்கொள்ளும். அனுப்பப்படும் குறிகள் சிலவே, அவை இவையிவை என முன்னரே உடன்பட்ட மனிதரின் வரையறை அதன் பின்னே மறைந்து நிற்கின்றது. ஆகவே ஈண்டும் இலக்கு முற்றும் கருவியினுடையதன்று.

இவற்றை ஒருங்குவைத்து நோக்கின், 1960 இல் எழுந்த கட்டுரைக்கும் அதன் வழிவந்த நூல்களுக்கும் உரிய மதிப்பை வரையறுத்தல் இயலும். உருவங்களை இனம் காணும் பொறிகளுக்கு வழிகாட்டுவதாகவே அக்கட்டுரை தன்னை அறிமுகஞ் செய்தது. நிலைபெற்ற வெற்றியை அதன் விதி கண்டதோ தொலைபேசிக் கம்பியிலும் மருத்துவர் மேசையிலுமாகும். எழுதியோர் எண்ணிய பயனினும் பெரிய பயனை விளைத்தல் நல்ல படைப்பின் இலக்கணம். குறை என்று கூறத்தக்கது ஒன்றே. கற்றல் என்னும் சொல்லை அக்கட்டுரையும் அதன் வழிவந்தோரும் தாராளமாய் வழங்கினர். மாணவன் ஆசானிடம் கற்பதோடு ஆசான் சொன்னது சரியா என்றும் ஒருநாள் வினவுவான். இவ்வடிகட்டி அவ்வாறு வினவாது. அது செய்வது கற்றலின் ஒரு பாதி. தந்த இலக்கை நோக்கி வளைதல். இலக்கை ஆராய்தலாகிய மற்றைப் பாதி அதற்கு வெளியே உள்ளது. இரண்டிற்கும் ஒரே பெயரிட்டமையால், வெளியே உள்ள பாதி பலர் கண்ணுக்குப் படாது போயிற்று.

இக்குறை சொல்லாராய்ச்சியளவில் நின்றுவிடுவதன்று. விட்றோவும் ஹொவ்வும் கண்ட விதியைப் பல அடுக்குகளுக்கும் பொதுமைப்படுத்திய முறையே 1986 இல் றூமெல்காட், ஹின்ரன், வில்லியம்ஸ் ஆகியோர் எழுத்துக்களாற் பரவிய பின்பரவு முறை. இன்று பேச்சை எழுத்தாக்கும், படத்தை இனங்காணும், வினாவிற்கு விடை கூறும் பெரும்பொறிகள் அவ்வழியிலேயே பயிற்றப்படுகின்றன. குணகங்கள் பதினாறிலிருந்து கோடிக்கணக்காகப் பெருகின. ஆயினும் வேண்டிய விடையினின்றும் தந்த விடையைக் கழித்து, எஞ்சிய வழுவுக்கேற்பக் குணகங்களைச் சிறிது சிறிதாகத் திருத்தும் அடிப்படை மாறவில்லை. மாறாதது அதுவாயின், மார்பில் மின்வாய் வைத்தவருக்கு நேர்ந்த வினாவும் மாறவில்லை. வேண்டிய விடை என வைக்கப்பட்டது எது? அதனுள் தேய்க்கப்படலாகாத துடிப்பு ஏதேனும் கலந்துள்ளதா? வழு குறைந்தது என்னும் செய்தி இவ்வினாக்களுக்கு விடையாகாது. குறையக்கூடாத வழுவும் உண்டு என்பதைச் சேயின் துடிப்பு காட்டியது.

எனவே இசைவாக்கப் படிமுறைகளை அவற்றின் விரைவாலும் சிக்கனத்தாலும் மாத்திரம் நிறுத்தல் பாதி நிறுவையே. வீனர் முழுமை எது எனக் காட்டினார். விட்றோவும் ஹொவ்வும் முழுமையை அறியாதவரும் அதனை அணுகலாம் எனக் காட்டினர். பிந்தைய அறிஞர் அவ்வணுகலுக்கு உறுதிமொழி தேடித் தந்தனர். மூன்றும் பெரும்பணிகள். அவற்றைப் பயிலும் மாணவர் சமன்பாட்டின் வலப்புறத்தில் எளிய ஒரு குறியாக நிற்கும் வேண்டிய விடையின்மேல் ஒரு நாழிகை கண்ணை நிறுத்துவாராயின் பெரும்பயன் பெறுவர். வழு நல்ல ஆசான். ஆயின் அவ்வாசானை அமர்த்தும் பொறுப்பு மனிதரைச் சார்ந்தது.